மேலே புத்தூர்க் கட்டு, கீழே மாவுக்கட்டு

நகரியில் மாடி வைத்த வீடு ஒன்று. புத்தூரில் வாடகைக்கு விட்ட கடை ரெண்டு. விஜயபுரம் பக்கம் போர் போட்டு மோட்டார் இறக்கின நிலம். மூன்று பெண்களுக்குக் கடன் வாங்காமல் கல்யாணம். பையனுக்கு இன்ஜினியரிங். இத்தனையும் மூன்றாவது வரைக்கும் படித்தவன் கட்டியது. அந்த மூன்றாவதும் முழுசாக இல்லை. வேர்க்கடலை பிடுங்குகிற காலத்தில் கூலிக்காரன் பிள்ளை யாரும் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் பக்கம் போனது கிடையாது.

தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். தெலுங்கு பஸ் போர்டு பார்த்துக் கற்றுக்கொண்டேன். இங்கிலீஷ், பாலிசிப் பத்திரம் பார்த்து.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதினதைப் படித்துவிட்டு ஒருத்தர், "பெருமை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். இருக்கத்தான் செய்யும். அப்பன் கட்டி வைத்ததில் குடியிருக்கிறவன் அடக்கமாகப் பேசலாம். செங்கல் சுமந்தவன் பேசித்தான் ஆகவேண்டும்.

ஆனால் நான் கட்டினதிலேயே பெரியது இந்த மாடி வீடு இல்லை. அது வெளியே தெரியாது. எங்கள் பக்கத்தில் சம்பாதிக்கிற ஒருத்தன் கை ஒடிந்தால் அந்த வீட்டு நிலம் போய்விடும். அப்படிப் போகாமல் எத்தனையோ வீட்டில் குறுக்கே நின்றவன் நான். ஒரு தடவை நிஜமாகவே குறுக்கே நின்றேன். ஓடுகிற ஜீப்புக்கு.

ஜீப்புக்கு முன்னால்

என் மச்சான் தேசப்பன் அப்போது புத்தூரில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தான். என் சம்சாரத்தின் தம்பி. கண்ணாடிக் கூண்டு, சின்ன ஃபேன், சிவப்பு எழுத்தில் ஓடுகிற மீட்டர். குவைத்துக்குப் போனவர்களின் பெண்டாட்டிகள் வரிசையில் நிற்பார்கள். எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. அன்றைக்கு மத்தியானம் பூத்துக்கு வெளியே நடந்துகொண்டே இருந்தேன்.

திருச்சானூரிலிருந்து போன். அங்கே புது லாட்ஜ் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதில் சென்ட்ரிங் வேலை பார்க்கிற மேஸ்திரி பேசினார். "ரத்தினம் அண்ணா, மீ கோயிந்து படிபோயாடு. மேலேர்ந்து. காலு."

கோயிந்தன் விழுந்துவிட்டான். எங்கள் ஊர்க்காரன், என்னை மாமா என்று கூப்பிடுகிறவன். பலகை அடிக்கிற வேலை. பெண்டாட்டி பச்சையம்மாவும் அங்கேயே சித்தாள்.

"இப்ப எங்க கீறாங்க?"

"ஜீப் பேசி ஏத்திட்டாங்க. புத்தூர்தான்."

போனை வைத்தேனா, எறிந்தேனா தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திருப்பதி ரோட்டுக்கு ஓடினேன். தேசப்பன் பின்னாலிருந்து, "மாமா, செருப்பு!" என்று கத்தினான். தார் உருகிக் காலில் ஒட்டியது.

புத்தூர் என்றால் இந்தப் பத்திரிகை படிக்கிற எல்லாருக்கும் எலும்புக் கட்டுதான் ஞாபகம் வரும். மூங்கில் தப்பை, முட்டை, பச்சிலை, துணி. எங்கள் பக்கத்தில் எலும்பு ஒடிந்தால் வண்டி தானாக அங்கே திரும்பும். நான் அதைக் குறை சொல்கிறவன் இல்லை. என் முழங்கையே அங்கே கட்டினதுதான். ஆனால் கோயிந்தனுக்கு நான் ஒரு விபத்துப் பாலிசி போட்டிருந்தேன். கீழே விழுந்து வேலைக்குப் போக முடியாமல் கிடந்தால், எழுந்து வேலைக்குப் போகிற வரைக்கும் வாரா வாரம் ஒரு தொகை. அதற்கு டாக்டர் கையெழுத்து வேண்டும். கட்டு கட்டுகிறவர் கையெழுத்து செல்லாது.

ஜீப் வந்தது. நடு ரோட்டில் நின்று ரெண்டு கையையும் விரித்தேன்.

"யோவ், சாவறதுக்கு வேற வண்டி கிடைக்கலியா?" என்றான் டிரைவர்.

பின் சீட்டில் கோயிந்தன் குறுக்கே கிடந்தான். சிமெண்ட் காய்ந்து ஒட்டின சென்ட்ரிங் பலகைத் துண்டை வைத்துக் காலைத் துண்டால் கட்டியிருந்தார்கள். வாயில் இன்னொரு துண்டு, வலிக்குக் கடித்துக்கொள்ள. தலைமாட்டில் பச்சையம்மா.

"பச்சம்மா, மொதல்ல ஆஸ்பத்திரி. ஒரு எக்ஸ்ரே, ஒரு சீட்டு. அப்புறம் எங்க வேணா கட்டிக்கோ."

"தள்ளுண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போனா காலை எடுத்துடுவாங்க."

"யாருக்கு எடுத்தாங்க?"

"எங்க பெரியப்பாவுக்கு எடுத்தாங்க."

"அவருக்கு சக்கரைப் புண்ணும்மா!"

"எடுத்தாங்களா இல்லியா?"

கோயிந்தன் வாயிலிருந்து துண்டை எடுத்தான். "மாமா, பாலிசி அப்பால பேசலாம். உயிர் போவுது."

ஜீப் என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. வாயெல்லாம் புழுதி. பூத்துக்குத் திரும்பினால் என் செருப்பை எடுத்து வைத்துக்கொண்டு தேசப்பன் நிற்கிறான். "போவட்டும் மாமா. க்ளெய்ம் வரலன்னா நாம இன்னா பண்றது?"

அவனால் அப்படிச் சொல்ல முடியும். வீடு வீடாகப் போய் நாக்கு வறண்டது அவன் இல்லையே.

பன்றிக் காவல்

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். இன்சூரன்ஸ் ஏஜென்சி என் பேரில் இல்லை. பத்தாவது பாஸ் செய்தவனுக்குத்தான் கொடுப்பார்கள். தேசப்பன் பத்தாவது. அதனால் பேர் அவனுடையது, கால் என்னுடையது. நகரி, விஜயபுரம், சத்தியவேடு, எந்த வரப்பில் பாம்புப் புற்று இருக்கிறது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தரம் திருப்பதியில் பெரிய ஓட்டலில் மீட்டிங் நடக்கும். மேடையில் தேசப்பனுக்குச் சுவர்க் கடிகாரம், சூட்கேஸ். நான் கீழே பிரியாணி வரிசையில் நிற்பேன்.

அந்தச் சமயம் ஊரே கால் நிலைகொள்ளாமல் இருந்தது. ஆந்திராவில் இருக்கிற எங்கள் தமிழ் ஊர்களிலிருந்து ஒரு கூட்டம் திருப்பதி லாட்ஜ் வேலைக்கு, ஒரு கூட்டம் மெட்ராஸுக்கு, ஒரு கூட்டம் குவைத்துக்கு. கையில் காசு புரள ஆரம்பித்தது. காசு புரண்டதும் கண்ணாடிக் கதவு போட்ட கம்பெனிகள் வந்தன. சில வருஷத்தில் இரட்டிப்பு என்றான் ஒருத்தன். தேக்கு மரம் வளர்த்து உங்கள் பேரில் வெட்டுவோம் என்றான் இன்னொருத்தன். தேசப்பன் அந்த ஏஜென்சியும் எடுக்கலாம் என்று குதித்தான். நான் சொன்னேன்: "டேய், மரம் எந்த ஊர்ல கீதுன்னு காட்டச் சொல்லு. பஸ் ஏறிப் போய்ப் பார்த்துட்டு வரேன்." கடைசி வரைக்கும் காட்டவில்லை. கதவும் ஒரு நாள் பூட்டிக்கிடந்தது. என்னை நம்பினவர் ஒருத்தர் காசும் அதில் போகவில்லை. இதையும் யாரும் சொல்லமாட்டார்கள், நான்தான் சொல்லவேண்டும்.

என் கணக்கு சுலபம். சம்பாதிக்கிற உடம்புக்கு முதலில் காவல். பெண்டாட்டி நகைக்கு, பிள்ளை படிப்புக்கு எல்லாம் அப்புறம். வீட்டில் ரெண்டு மூன்று மாசம் சோற்றுக்கு ஆகிற காசு, எடுத்தால் உடனே கையில் வருகிற மாதிரி எங்கேயாவது. மிச்சம் இருந்தால் சேமிப்பு. எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். சீட்டுக் கட்டுவார்கள், நகை வாங்குவார்கள், உடம்பு மட்டும் திறந்த வீடாகக் கிடக்கும்.

விபத்துப் பாலிசி விற்பதுதான் ரொம்பக் கஷ்டம். எல்லாரும் ஒரே கேள்வி. கோயிந்தனும் கேட்டான். "மாமா, ஒண்ணும் ஆவலன்னா போட்ட காசு திரும்ப வருமா?"

"வராது."

"அப்ப தெண்டம்தானே?"

"கடலைக் கொல்லைக்கு ராக்காவல் வெக்கிறியே, பன்னி வரலன்னா காவக்காரன்கிட்ட கூலியைத் திருப்பிக் கேப்பியா?"

கோயிந்தன் தலையைச் சொறிந்தான். "பன்னி வந்தப்ப காவக்காரன் ஓடிட்டா?"

கெட்டிக்காரன். "ஓட வுடமாட்டேன்," என்றேன். "அதுக்கு நான் பொறுப்பு."

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அந்த வார்த்தைதான் என்னைச் செருப்பில்லாமல் ஓட வைத்தது.

வெள்ளிக்கிழமை நகரி

திருப்பதி ஆபீசுக்குப் போனேன். அந்த ஆபீசர் நல்ல மனுஷன். உட்காரச் சொன்னார், எனக்குத்தான் உட்கார வரவில்லை. "ரத்னம் காரு, மேஸ்திரி லெட்டர் சரி. போலீஸ் ஸ்டேஷன் சீட்டு சரி. டாக்டர் சர்டிபிகேட் காவாலி. எக்ஸ்ரே வேணும். நாட்டுக் கட்டுக்கு நான் எப்படி எழுதறது?"

"கால் ஒடிஞ்சது நிஜம் சார்."

"நிஜம்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியுது. பைலுக்குத் தெரியணுமே."

வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். பாதியில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஊருக்குப் போனால் அங்கே வேறு செய்தி. கோயிந்தன் கட்டோடு கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறான். பச்சையம்மா வேலைக்குப் போகவில்லை, அவனைத் தூக்கி எடுக்கவே அவளுக்குச் சரியாக இருந்தது. கடலை மண்டிக்காரர் ஒருத்தர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். முக்கால் ஏக்கரை அடமானம் எழுதிக்கொடுத்தால் கையில் காசு. வெள்ளிக்கிழமை நகரி ரிஜிஸ்தர் ஆபீசில் வேலை முடியும்.

அந்த முக்கால் ஏக்கர் சாதாரண முக்கால் ஏக்கர் இல்லை. கோயிந்தனும் பச்சையம்மாவும் கூலிக்காசில் வாங்கினது. அவர்கள் வம்சத்தில் யார் பேருக்கும் அதுவரைக்கும் ஒரு பிடி மண் கிடையாது. மண்டிக்காரரிடம் அடமானம் போனது திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

"எழுதாத பச்சம்மா. வாரப் பணம் வரும்."

"எப்பண்ணா?"

"டாக்டர் எழுதினதும்."

"அவர் எப்ப எழுதுவாரு?"

"எக்ஸ்ரே எடுத்ததும்."

"கட்டை அவுக்கமாட்டேன். அவுத்தா எலும்பு நகர்ந்துடும்னு சொல்லி அனுப்பிக்கீறாங்க."

சுற்றிச் சுற்றி அதே இடம்.

மூங்கில் வழியே

மறுநாள் காலையில் நகரியில் ஒரு கிளினிக் வாசலில் நின்றேன். எக்ஸ்ரே மெஷின் இருக்கிற கிளினிக். மெஷின் ஓட்டுகிறவர் பீடிக்கு வெளியே வந்தார். நெருப்புக் கொடுத்தேன்.

"அண்ணே, ஒரு சந்தேகம். துணி மேல எக்ஸ்ரே எடுத்தா வுழுமா?"

"வுழும். சட்டையோட நெஞ்சு எடுக்கறமே."

"மூங்கிலு?"

"மூங்கிலும் போவும். இரும்புன்னாதான் மறைக்கும். கொஞ்சம் கோடு கோடா தெரியும், அவ்ளோதான். ஏன்?"

அவர் பீடியை முடிக்கிறதுக்குள் நான் பஸ் ஸ்டாண்டில் இருந்தேன்.

பச்சையம்மாவிடம் சத்தியம் பண்ணினேன். "ஒரு முடிச்சு அவுந்தா என் மீசையை எடுத்துடறேன்." அவள் என் மீசையைப் பார்த்தாள். "அந்த மீசைக்கு இன்னாத்துக்கு இவ்ளோ மதிப்பு?" என்றாள். கட்டிலில் கிடந்த கோயிந்தன் அத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தான். வேன் பேசிக்கொண்டு வந்தேன்.

நகரி கிளினிக்கில் டாக்டர் கட்டைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். தெலுங்குக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார்.

"ஏமய்யா, கட்டு அவங்க கட்டுவாங்க, கையெழுத்து நான் போடணுமா? நாளைக்குக் கால் கோணினா என் பேரு. அவுருங்க, நான் வைத்தியம் பண்றேன்."

"அவுக்கமாட்டேன்," என்றாள் பச்சையம்மா.

"அப்ப கூட்டிட்டுப் போங்க."

நான் குறுக்கே வந்தேன். "சார், வைத்தியம் கேக்கல. கட்டு வேற இடத்துலன்னு பெரிசா எழுதுங்க. உள்ள எலும்பு ஒடிஞ்சுதா, இல்லியா? கண்ணால பார்த்ததை எழுதுங்க, போதும்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அப்புறம், "படம் எடுக்கலாம். சரி," என்றார்.

படம் ஈரத்தோடு வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தப்பைகள் மழைக் கோடு மாதிரி தெரிந்தன. நடுவில், முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்த இடம்.

"நல்லாத்தான் சேர்த்திருக்காங்க," என்றார் டாக்டர். பச்சையம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்புப் போதாது.

ஆனால் டாக்டர் படத்தை இறக்கவில்லை. கீழ் ஓரத்தையே பார்த்தார். எழுந்து போய்க் கோயிந்தனின் குதிகாலைக் கட்டை விரலால் அழுத்தினார். கோயிந்தன் அலறினான்.

"இது எப்பலேர்ந்து?"

"வுழுந்ததுலேர்ந்து சார். ஒடிஞ்ச காலு வலிக்கத்தானே செய்யும்னு வுட்டுட்டேன்."

"கட்டு போட்டவங்ககிட்ட சொன்னியா?"

"மேல வலிச்ச வலியில இது எனக்கே தெரியல சார்."

குதிகாலுக்குத் தனியாக ஒரு படம். வெடித்த வேர்க்கடலைத் தோடு மாதிரி குதிகால் எலும்பில் விரிசல். உயரத்திலிருந்து விழுகிறவன் காலை ஊன்றித்தான் விழுவான், குதிகால்தான் முதலில் வாங்கும் என்றார் டாக்டர். "மேல் கட்டு அவுந்ததும் எழுந்து நடந்திருப்பான். இது நசுங்கியிருக்கும். அப்புறம் சாரத்துல ஏறவே முடியாது."

பச்சையம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் அவளே கேட்டாள்: "சார், மேல் கட்டை அவுக்காம கீழ மட்டும் கட்ட முடியுமா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்படி ஒரு கேஸ் நான் பார்த்ததில்ல. முடியும்."

மேலே புத்தூர்க் கட்டு, கீழே மாவுக்கட்டு. அந்தக் காலோடு ஊருக்குள் போனபோது பிள்ளைகள் வேன் பின்னாலேயே ஓடிவந்தார்கள். கோயிந்தன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பாத்துக்கோங்கடா, மேல தமிழ் மீடியம், கீழ இங்கிலீஷ் மீடியம்," என்றான்.

டாக்டர் எழுதிக் கொடுத்ததில், மாசக்கணக்கில் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று இருந்தது. மாசக்கணக்கில் சோறு யார் போடுவது? வாரப் பணம் இல்லாமல் ஆகாது. அதை எடுத்துக்கொண்டு நேராகத் திருப்பதி. ஆபீசர் ரெண்டு தடவை படித்தார். படத்தை ட்யூப் லைட்டில் பிடித்துப் பார்த்தார். "இப்ப பைலுக்குத் தெரிஞ்சிடுச்சு," என்றார்.

"பணம் எப்ப சார்?"

"மேல போய் வரணும். தேதி சொல்லமாட்டேன். வரும்."

பஸ்ஸில் ஏறாத கால்

வெள்ளிக்கிழமை காலையில் பச்சையம்மா பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். பக்கத்தில் மண்டிக்காரருடைய ஆள். நான் நகரியிலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கினேன்.

"ஒத்துக்கினாங்க பச்சம்மா. படம், சீட்டு, எல்லாம் ஒத்துக்கினாங்க."

"காசு?"

"காசு இல்ல. வரும்."

"எப்ப?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. "தெரியாது. ஆனா வரும்."

மண்டிக்காரர் ஆள் சிரித்தான். "தெரியாத காசை வெச்சு உலை ஏத்துவியாம்மா?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் ஊதினான். அவள் ஒரு காலைப் படியில் வைத்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, அந்த ஆளைத்தான் பார்த்தாள்.

"இந்த ஆளு ஜீப்புக்குக் குறுக்கே நின்னாரு," என்றாள். "நீ எங்க நின்ன?"

காலை எடுத்துவிட்டாள். பஸ் போய்விட்டது.

அதற்கப்புறம் அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பக்கத்துக் கொல்லைகளில் களை எடுத்தாள். மேஸ்திரி ரெண்டு தடவை அரிசி கொடுத்தனுப்பினார். நான் திருப்பதிக்கும் ஊருக்குமாகத் தேய்ந்தேன். ஒரு நாள் செக் வந்தது. செக் வந்தால் போட பேங்க் கணக்கு இல்லை! அதையும் நான்தான் கூட்டிக்கொண்டு போய்த் திறந்து வைத்தேன். படிக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: பாலிசி எடுக்கிற அன்றைக்கே பேங்க் கணக்கும் திறந்துவிடுங்கள். பத்திரத்தில் இருக்கிற பேரும் பேங்கில் இருக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். பாலிசி எங்கே இருக்கிறது என்று பெண்டாட்டிக்குத் தெரியட்டும்.

கோயிந்தன் எழுந்தான், நடந்தான், மறுபடி சாரத்தில் ஏறினான். நிலம் நிலமாகவே இருந்தது.

அவனுக்குச் சால்வை

கொஞ்ச நாள் முன்னால் அந்த முக்கால் ஏக்கரின் ஒரு ஓரத்தில் கோயிந்தன் வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைத்தான். பையன் குவைத்திலிருந்து அனுப்பின காசு. வாழைமரம், மைக் செட், எல்லாம் தடபுடல். கோயிந்தன் மைக்கைப் பிடித்தான். கால் ஒடிந்த கதையைச் சொன்னான். புத்தூர்க் கட்டை ஒரு தரம் கும்பிட்டான். திருச்சானூர் அம்மன் கிருபை என்றான். "பாலிசி குடுத்த எங்க ஏஜென்ட் தேசப்பன் சாருக்கு" என்று என் மச்சானைக் கூப்பிட்டுச் சால்வை போட்டான். தேசப்பனும் வெட்கமே இல்லாமல் குனிந்து வாங்கிக்கொண்டான். பந்தியில் எனக்கு வடை ரெண்டு வைத்தார்கள்.

பச்சையம்மா அடுப்படியில் இருந்தாள். அவள் காதில் விழுந்திருந்தால் விட்டிருக்கமாட்டாள்.

இதை நான் சும்மா விடுவதாக இல்லை. கட்டு நல்ல கட்டு, ஒப்புக்கொள்கிறேன். அம்மன் கிருபை, அதற்கு மேல் நான் பேசமாட்டேன். குதிகாலைக் கண்டுபிடித்தது டாக்டர். ஆனால் அந்தக் காலை அந்த டாக்டர் முன்னால் கொண்டுபோய்ப் போட்டது யார்? மூங்கில் வழியாகப் படம் விழும் என்று விசாரித்துக்கொண்டு வந்தது யார்? தேசப்பன் அன்றைக்குப் பூத்தில் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோயிந்தா, இந்தப் பத்திரிகை நகரி பஸ் ஸ்டாண்டுக் கடையிலும் தொங்குகிறது. உன் கண்ணில் படும். சால்வை வேண்டாம், சாப்பாடும் வேண்டாம். அதே மைக்கை வாடகைக்கு எடு. அதே ஜனத்தைக் கூப்பிடு, தேசப்பனை முன் வரிசையில் உட்கார வை. "எக்ஸ்ரே எடுக்க வைத்தது ரத்தினம் மாமா" என்று ஒரு தடவை சொல். நான் காது நன்றாகக் கேட்கும்போதே சொல்.